அசையாத காமிராவும் அசையும் வானமும்

இரவு வானத்தைப் புகைப்படம் எடுப்பதென்றால் பெரிய தொலைநோக்கியும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். பத்திரிகைகளில் வரும் வண்ணப் படங்களைப் பார்த்துப் பார்த்து இந்த எண்ணம் வலுத்துவிட்டது. உண்மையில், அலமாரியில் தூங்கும் பழைய பிலிம் காமிராவோ அப்பாவின் கைபேசியோ போதும். அதை அசையாமல் நிறுத்த ஒரு முக்காலி, அதுவும் இல்லையென்றால் இரண்டு செங்கல், பிறகு நிலா இல்லாத ஓர் இரவு. இவற்றைக் கொண்டு வானத்தில் எதைப் படமெடுக்கலாம், எப்படி எடுக்கலாம், எடுத்த படத்திலிருந்து என்ன கண்டறியலாம் என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன். மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். அழகான படத்தைச் சட்டமிட்டு மாட்டுவது நல்லதுதான். ஆனால் அந்தப் படத்தின்மீது ஒரு கோணமானியை வைத்து, நாம் வாழும் ஊர் பூமிப் பந்தில் எங்கே இருக்கிறது என்று அளந்துவிடலாம் என்றால், அது இன்னும் நல்லதல்லவா?

முதலில் கண்ணுக்கும் காமிராவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். கண் ஓட்டைக் குடம் போன்றது. அதில் விழும் ஒளி நொடியின் ஒரு சிறு பகுதிக்குமேல் தங்குவதில்லை. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், மங்கிய நட்சத்திரம் மங்கிய நட்சத்திரமாகவே இருக்கும். பிலிமும், இக்காலக் காமிராவில் பிலிமின் இடத்தில் இருக்கும் உணர்வுத் தகடும் அடி அடைத்த குடங்கள். சொட்டுச் சொட்டாக விழும் ஒளியையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். 1840-ஆம் ஆண்டில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்பவர் நியூயார்க்கில் நிலவைப் படமெடுத்தார். அதற்கு இருபது நிமிடம் தேவைப்பட்டது. சூரியனை விட்டுவிட்டால், ஒரு நட்சத்திரம் முதன்முதலாகப் படத்தில் பதிந்தது 1850-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில். அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வு நிலையத்தில் பாண்ட், விப்பிள் என்ற இருவர் வெள்ளி பூசிய தகட்டில் அதைப் பதித்தார்கள். அந்த நட்சத்திரம் வேகா. நம்மவர் அபிஜித் என்று அழைப்பது அதைத்தான்.

ஆகவே நம் காமிராவிடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய குணம் ஒன்றே. நாம் சொல்லும் நேரம்வரை அது கண்ணை மூடாமல் இருக்க வேண்டும். பழைய பிலிம் காமிராக்கள் பலவற்றில் ஷட்டர் வேகங்களைக் குறித்திருக்கும் வளையத்தில், எண்களோடு 'பி' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். 'பல்ப்' என்பதன் முதலெழுத்து அது. மின்விளக்கு பல்பு அல்ல, ரப்பர்க் குமிழ். அந்தக் காலத்துப் படப்பிடிப்பாளர் ஒரு ரப்பர்க் குமிழை அழுத்திக் காற்றின் விசையால் ஷட்டரைத் திறப்பார். குமிழை விட்டால் ஷட்டர் மூடிக்கொள்ளும். குமிழ் மறைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அதன் பெயர் மட்டும் காமிராவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'பி'யில் வைத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும். விரலாலேயே அழுத்தினால் காமிரா ஆடும் என்பதால், கேபிள் ரிலீஸ் என்ற மெல்லிய கம்பியைத் திருகிப் பொருத்தி அழுத்துவது வழக்கம். லென்ஸின் தூர வளையத்தைப் படுத்திருக்கும் எட்டைப் போன்ற குறிக்குத் திருப்பிவிட வேண்டும். அது எல்லையில்லாத் தூரத்தின் அடையாளம். நட்சத்திரங்களுக்கு வேறு கணக்கு வேண்டியதில்லை.

திறக்கும் நொடியிலும் மூடும் நொடியிலும்தான் காமிரா அதிரும். இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. கறுப்பு அட்டை ஒன்றை லென்ஸின்மீது படாமல் முன்னால் பிடித்துக்கொண்டு ஷட்டரைத் திறக்க வேண்டும். அதிர்வு அடங்கியதும் அட்டையை விலக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் அட்டையால் மறைத்துவிட்டு, பிறகு ஷட்டரை மூட வேண்டும். காசு செலவில்லாத சாதனம் இது. இதைவிடச் சிறந்ததை நான் கண்டதில்லை.

பிலிமில் எடுப்பவர்கள் முதல் படத்தைப் பகலில், வீட்டு வாசலையோ தம்பியையோ எடுத்துவிடுவது நல்லது. கழுவுகிறவர் இருண்ட சுருளைப் பார்த்து, இதில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடக்கூடும். அல்லது ஒரு படம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் நட்சத்திரங்களின் நடுவே கத்தரி போட்டுவிடக்கூடும். பகல் படம் ஒன்று இருந்தால் அளவு தெரிந்துவிடும். 'வெட்டாமல் கழுவித் தரவும்' என்று உறையின்மேல் எழுதிக் கொடுப்பது இன்னும் பத்திரம்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு வேலை வேறு விதம். பல கைபேசிகளின் காமிராவில் 'புரோ' என்ற பகுதி இருக்கும். அதில் ஷட்டர் நேரத்தைப் பத்து நொடி, இருபது நொடி, சிலவற்றில் முப்பது நொடிவரை நாமே வைக்கலாம். தூரத்தை எல்லையில்லாத் தூரத்தில் வைத்து, ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளி உணர்வு எண்ணை 400 அல்லது 800-இல் நிறுத்தி, இரண்டு நொடித் தாமதக் கடிகாரத்தைப் போட்டுவிட்டால் விரல் அதிர்ச்சி படத்தில் சேராது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நூறு படங்கள் எடுத்து, கணினியில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஒன்றால் அடுக்கினால் ஒரே நீண்ட படம் கிடைக்கும். கைபேசியில் தானாக இயங்கும் இரவுப் படமுறையை மட்டும் நம்ப வேண்டாம். சில கைபேசிகளில் அது நட்சத்திரங்கள் நகர்ந்ததைக் 'குறை' என்று கருதித் திருத்திவிடுகிறது. நமக்கு வேண்டியதோ அந்த நகர்வேதான்!

நகர்வு என்றதும் கணக்கு வருகிறது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 நொடி ஆகிறது. அதாவது மணிக்கு ஏறக்குறைய 15 பாகை, நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள பிலிம் காமிராவில் பத்து நொடி வரையில் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியும். அதற்கு மேல் போனால் கோடாக நீளத் தொடங்கும். பத்து நொடிப் படமே வீணல்ல. ஊர் விளக்குகளுக்கு அப்பால் போய் எடுத்தால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்களும் அதில் பதிந்திருக்கும். கார்த்திகைக் கூட்டத்தில் ஆறுதான் தெரிகிறது என்பவர்கள் படத்தில் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் ஷட்டரை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் இன்னும் மங்கிய நட்சத்திரங்களெல்லாம் வந்துவிடும் என்று எண்ணக்கூடாது. நட்சத்திரத்தின் ஒளி ஓரிடத்தில் நில்லாமல் அடுத்த இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருப்பதால், கோடு நீளுமே தவிரப் பிரகாசம் கூடாது. நகராமல் ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டே போவது தெருவிளக்கின் வெளிச்சம்தான். நகரத்தில் பத்து நிமிடத்திலேயே படம் வெளுத்துப் போவதற்கு இதுவே காரணம். பெரிய ஊரில் இருப்பவர்களுக்கு, இருபது நொடிப் படங்களாக எடுத்து அடுக்கும் முறையே கைகொடுக்கும். கிராமத்துப் பாட்டி வீடு உள்ளவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

கோடுகளில் நிறமும் வரும். புள்ளியாக இருக்கையில் கண் பிரித்தறியாத நிறம், கோடாக நீளும்போது துலங்கிவிடும். திருவாதிரையின் கோடு செம்மஞ்சளாகவும், அதே வேட்டைக்காரன் கூட்டத்தின் மறுகோடியில் உள்ள ரைகலின் கோடு வெண்ணீலமாகவும் இருக்கும். விமானம் போனால் புள்ளி வைத்த நேர்கோடு. செயற்கைக்கோள் போனால் மற்றக் கோடுகளை வெட்டிக்கொண்டு செல்லும் மெல்லிய கோடு. சட்டென்று தோன்றி நடுவில் தடித்து முனைகளில் மெலியும் கோடு கிடைத்தால், அது எரிநட்சத்திரம்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் நட்சத்திரக் கோடுகள் துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வட்ட வட்டமாக வளைந்திருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதை இங்கே எடுக்க முயல்பவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, அதுவே ஏறக்குறைய அந்த ஊரின் அட்சரேகை. இலண்டனில் அது 51 பாகைக்கு மேல் ஏறி நிற்கும். சென்னையில் 13 பாகை, கன்னியாகுமரியில் 8 பாகைதான். தென்னை மரத்துக்கும் தூசிப் படலத்துக்கும் பின்னால் அது ஒளிந்துகொள்ளும். ஆனால் அவர்களுக்கு இல்லாத ஒன்று நமக்கு உண்டு. இலண்டனில் கிழக்கே எழும் நட்சத்திரம் தரையோடு 38 பாகை சாய்ந்து, படுத்த வாக்கில் ஏறும். நம் ஊரிலோ அது ஏறக்குறைய நிமிர்ந்தே ஏறுகிறது, நிமிர்ந்தே இறங்குகிறது. எவ்வளவு நிமிர்ந்து என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. செங்குத்துக் கோட்டிலிருந்து நட்சத்திரக் கோடு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறதோ, அத்தனை பாகையே நம் ஊரின் அட்சரேகை!

இந்த விதி வானத்தின் நடுக்கோட்டில் உள்ள நட்சத்திரங்களுக்குத்தான் சரியாகப் பொருந்தும். நல்லவேளையாக அந்தக் கோட்டை ஒட்டியே, எல்லோருக்கும் தெரிந்த மூன்று நட்சத்திரங்கள் இருக்கின்றன. வேட்டைக்காரனின் இடுப்பில் ஒரே வரிசையாக நிற்பவையே அவை. நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் மறைபவை. நவம்பர் இறுதியில் இரவு ஏழரை மணியளவில் கிழக்கே எழும். ஆனால் அது நமக்கு மழைக்காலம். ஏப்ரல் நடுவில் இரவு பத்து மணியளவிலும், ஏப்ரல் கடைசியில் ஒன்பது மணியைத் தாண்டியும் மேற்கே மறையும். தேர்வு முடிந்திருக்கும், வானமும் பெரும்பாலும் தெளிந்திருக்கும். நாட்காட்டியில் அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகக் காமிராவை நேர் மேற்கே பார்க்க வைக்க வேண்டும். படத்தில் ஒரு கட்டடத்தின் சுவரோரமாவது மின்கம்பமாவது தெரியட்டும். தென்னையை நம்பாதீர்கள், அது தன் விருப்பப்படி வளைந்திருக்கும். கொத்தனாரின் தூக்குக் குண்டு கிடைத்தால் கட்டித் தொங்கவிடலாம், அதைவிட நேரான கோடு உலகத்தில் இல்லை. காமிராவை அண்ணாந்து பார்க்க வைக்கக்கூடாது, கிடைமட்டமாகவே இருக்க வேண்டும். அண்ணாந்தால் இரு பக்கச் சுவர்களும் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்குவதுபோலப் படத்தில் விழும், கோணம் கெட்டுவிடும். அரை மணி நேரமாவது எடுத்தால்தான் அளக்கத் தக்க நீளமுள்ள கோடு கிடைக்கும். மொட்டை மாடியில் எடுப்பவர்கள் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வானத்தைப் பார்த்தபடி பின்னால் நடப்பவர்களுக்குக் கைப்பிடிச் சுவர் எங்கே இருக்கிறதென்று தெரியாது.

படத்தைப் பெரிதாக அச்சிட்டு, சுவரோரத்துக்கு இணையாக ஒரு கோடும் நட்சத்திரத்தின் பாதையில் ஒரு கோடும் பென்சிலால் இழுத்துக் கோணமானியை வையுங்கள். மதுரையில் 10 பாகை வர வேண்டும், கோயம்புத்தூரில் 11, நாகர்கோவிலில் 8. ஒரு பாகை முன்பின் வந்தால் கவலைப்பட வேண்டாம்.

படமெடுத்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. தேதி, தொடங்கிய மணி, முடித்த மணி, ஊர், காமிரா பார்த்த திசை, லென்ஸ், ஐ.எஸ்.ஓ. எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் அப்போதே எழுதிவிட வேண்டும். இந்த நோட்டு இல்லாத படம் வெறும் அலங்காரம். இருந்தால் அது சாட்சி. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் அன்னக் கூட்டத்தில் ஒரு புது நட்சத்திரம் திடீரென்று பிரகாசித்தது. அதைக் கண்டவர்கள் உலகமெங்கும் பலர். ஆனால் அமெரிக்காவில் பென் மேயர் என்ற பொழுதுபோக்கு வானியலர், எரிநட்சத்திரம் ஏதாவது சிக்கட்டும் என்று அதே வானப்பகுதியை அந்த நாட்களில் படமெடுத்து வந்தார். மற்றவர் கண்ணில் படுமுன்பே அது ஏறிக்கொண்டிருந்தது அவருடைய படங்களில் பதிந்திருந்தது. நேரம் தெரிந்த படங்கள் என்பதால்தான் அறிவியலாருக்கு அவை பயன்பட்டன.

நம் நாட்டு வைணு பாப்புவின் கதையும் இத்தகையதே. சென்னையில் பிறந்த அவர் 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, தாம் எடுத்த புகைப்படத் தகட்டில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். அது இன்றும் அவர் பெயரையும் உடன் உழைத்த இருவர் பெயரையும் தாங்கியிருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையத்தை உருவாக்கியவரும் அவரே. 1986 முதல் அதற்கு அவர் பெயர் வழங்கப்படுகிறது.

சாதாரணக் காமிரா ஒன்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு வரலாறு உண்டு. நம் பள்ளியில் படிப்பவர்கள் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக்கூடாது. 1882-இல் ஒரு பெரிய வால்நட்சத்திரம் தோன்றியது. தென் ஆப்பிரிக்காவின் கேப் வானாய்வு நிலையத்தில் இருந்த டேவிட் கில், உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவரை அழைத்து, ஆட்களைப் படமெடுக்கும் காமிராவைத் தொலைநோக்கியோடு சேர்த்துக் கட்டி வைத்தார். தொலைநோக்கி வானத்தோடு நகர்ந்தது, காமிரா அதன்மேல் சவாரி செய்தது. படத்தில் வால்நட்சத்திரம் வந்ததோடு, அதன் பின்னணியில் எண்ணற்ற நட்சத்திரங்களும் வந்திருந்தன. அப்படியானால் வானம் முழுவதையும் இப்படியே படமெடுத்து அட்டவணை போடலாமே என்ற எண்ணம் பிறந்தது. 1887-இல் பாரிசில் கூடிய மாநாடு அந்தப் பணியை உலக வானாய்வு நிலையங்களுக்குப் பகிர்ந்தளித்தது. பின்னாளில் நம் ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வு நிலையமும் அதில் சேர்ந்தது.

ஒரு பங்கு வத்திக்கான் வானாய்வு நிலையத்துக்கு வந்தது. படமெடுப்பது ஒரு வேலை. கண்ணாடித் தகட்டில் உள்ள ஒவ்வொரு நட்சத்திரத்தையும் நுண்ணோக்கியில் பார்த்து இடத்தை அளந்து எழுதுவது அதைவிடப் பெரிய வேலை. அதற்கு ஆள் இல்லை. நிலையத்தின் தலைவர் ஹேகன் அடிகளார் மரியா பம்பீனா சபையின் சகோதரிகளை நாடினார். எமீலியா பொன்சோனி, ரெஜீனா கொலம்போ, கொன்செட்டா ஃபினார்தி, லூயிஜியா பான்செரி என்ற நான்கு சகோதரிகள் 1910 முதல் 1921 வரை அந்த வேலையைச் செய்தார்கள். ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்து எண்ணை உரக்கச் சொல்ல, மற்றவர் எழுதிக்கொள்வார். அவர்கள் அளந்து முடித்த நட்சத்திரங்கள் 4,81,215. யார் அந்தச் சகோதரிகள் என்பது பல்லாண்டுகள் உலகுக்குத் தெரியவில்லை. பழைய தாள்களை ஒழுங்குபடுத்திய இயேசு சபைக் குரு சபீனோ மஃபேயோவால்தான் 2016-இல் பெயர்கள் வெளிவந்தன. எல்லா நிலையங்களின் பழைய அளவுகளும் 2000-ஆம் ஆண்டில் மறுபடி வேலைக்கு வந்தன. ஐரோப்பியச் செயற்கைக்கோள் ஒன்று அளந்த நட்சத்திர இடங்களோடு அவற்றை ஒப்பிட்டு, நூறாண்டுகளில் ஒவ்வொரு நட்சத்திரமும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். டைக்கோ-2 என்ற அந்த அட்டவணையில் 25 இலட்சம் நட்சத்திரங்கள் உள்ளன.

நாம் அளப்பது ஒரே ஒரு கோணம். ஆனால் இரண்டு ஊர்களில் இருவர் அளந்தால் அது வேறு கணக்காகிறது. விடுதி மாணவியர் ஏப்ரல் இறுதியில் அவரவர் ஊருக்குப் போவீர்கள். ஒருத்தி சென்னையிலும் மற்றொருத்தி நாகர்கோவிலிலும் அந்த மூன்று நட்சத்திரங்களை எடுக்கட்டும். ஒரே இரவில் எடுக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு கோணங்களின் வேறுபாடு ஏறக்குறைய 5 பாகை வரும். தேசப்படத்தில் அளவுகோலை வைத்து, இரு ஊர்களுக்கும் இடையே வடக்கு தெற்காக மட்டும் உள்ள தூரத்தை அளந்தால் ஏறக்குறைய 540 கிலோமீட்டர் இருக்கும். பேருந்து போகும் சாலைத் தூரத்தை எடுத்துக்கொள்ளக்கூடாது, அது வளைந்து வளைந்து போவது. 5 பாகைக்கு 540 என்றால் 360 பாகைக்கு 38,880 கிலோமீட்டர். துருவங்கள் வழியாகப் பூமியின் உண்மையான சுற்றளவு 40,008 கிலோமீட்டர். எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்கர் எகிப்தில் வெயில் நிழலைக் கொண்டு செய்ததும் இதே முறைதான்.

ஆனால் கோணத்தில் ஒரு பாகை தவறி 4 என்று வந்துவிட்டால் விடை 48,600 ஆகிவிடும், 6 என்று வந்தால் 32,400. ஆகவே ஒரு படத்தோடு நிறுத்தாமல் மூன்று நான்கு இரவுகள் எடுத்துச் சராசரி காணுங்கள். அச்சுப் படத்தில் கோடு ஒரு சாண் நீளமாவது இருக்கட்டும். நோட்டையும் படங்களையும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கொண்டுவாருங்கள். எத்தனை ஊர் சேர்கிறதோ அத்தனைக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.